நாய்ப்புழுவும் என் மகளின் இடது கண்ணும்

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றால் எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடந்தே தீரும். என் மகளுக்கு முடி அடர்த்தி. சீயக்காய் அவ்வளவு லேசில் போகாது. அவள் கத்துவாள், நான் அதட்டுவேன், வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர் அங்கிருந்தபடியே இரண்டு பேரையும் சமாதானம் செய்வார். அவருக்கு அது சுலபம். ஈரத்தில் நிற்பவள் நான்தானே.

அன்றைக்கும் சீயக்காய் கண்ணில் போய்விட்டது. வலது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தைத் தூக்கி, குளியலறை பல்பு இருக்கும் பக்கமாகப் பார்த்தாள். அழவில்லை. சாதாரணமாகக் கேட்டாள்.

"கரண்டு பூட்ச்சாம்மா?"

பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தேன். தலையைத் துவட்டி வெளியே கூட்டிவந்த பிறகுதான் எனக்கு என்னவோ போல இருந்தது. அவளுடைய வலது கண்ணை என் உள்ளங்கையால் மூடி, அப்பா எங்கே நிற்கிறார் காட்டு என்றேன். அவர் நேர் எதிரே, துணியும் கையுமாக நின்றிருந்தார். அவள் கோழி மாதிரி தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் தேடினாள். கால் தெரிகிறது, மூஞ்சி இல்லை என்றாள்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நாங்கள் திருமழிசையில் பல தலைமுறையாக இருப்பவர்கள். வயல் இருந்த இடத்தில் இப்போது ஷெட்டுகள். அதில் ஒரு கம்பெனியில்தான் எனக்கு வேலை. குழாய் மூட்டுகளில் போடும் ரப்பர் வளையங்களை வெளிச்சப் பலகையில் பரப்பி, பிசிறு இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பார்த்து, கெட்டதைத் தனித் தட்டில் போட வேண்டும். காலையிலிருந்து சாயந்திரம் வரை பார்ப்பதுதான் வேலை. வீட்டுக்காரர் வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜ் பஸ் ஓட்டுகிறார். மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. தெருக்கோடியில் இருக்கும் பள்ளிக்கூடம்.

எனக்குக் குழப்பம் எங்கே வந்தது என்றால், சில மாதங்களுக்கு முன்புதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்தது. வெளியிலிருந்து ஆட்கள் வந்து, அட்டையை மாட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லிப் படிக்க வைத்தார்கள். என் மகளுக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறது என்று சொல்லியனுப்பினார்கள். அவளும் அன்றைக்குக் கைதட்டு வாங்கிய பெருமையோடு வந்தாள். கண் பரிசோதனைக்கு எதற்குக் கைதட்டு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது உட்கார வைத்துக் கேட்டேன். அட்டையில் இருந்ததை எப்படிப் படித்தாய்?

படிக்கவில்லை, மனப்பாடம் என்றாள். ஆட்கள் வருவதற்கு முந்தின நாளே மிஸ் பலகையில் எழுதிப்போட்டுவிட்டாராம். வகுப்பே கோரஸாகச் சொல்லிப் பழகியதாம். இப்போதும் மறக்கவில்லை என்று காட்டுவதற்காக, இடுப்பில் துண்டோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ஈ, எஃப், பி, டி, ஓ, இஸட், எல், பி, ஈ, டி" என்று ராகம் போட்டுச் சொன்னாள். வாய்ப்பாடு சொல்லும் அதே ராகம்.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் யார் வருவதாக இருந்தாலும் முதல் நாள் ஒத்திகை உண்டு. அதிகாரி வந்தால் வணக்கம் சொல்ல ஒத்திகை, கை கழுவும் நாளில் கை கழுவ ஒத்திகை. நான் படித்த காலத்திலும் அப்படித்தான். கண் பார்ப்பதற்கும் ஒத்திகை வைப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் வைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கரையான்சாவடி மெயின் ரோட்டில் இருக்கும் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். பவர் பிரச்சினையாக இருக்கும், ஒரு கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்பது என் கணக்கு. கடைக்காரர் மெஷினில் முகத்தை வைக்கச் சொல்லி இடது கண்ணைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடியெல்லாம் வேண்டாம், இன்றைக்கே பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். வியாபாரி ஒருவர் வியாபாரம் வேண்டாம் என்று சொன்னால் பயப்படாமல் என்ன செய்வது.

நகரத்துக் கண் ஆஸ்பத்திரிகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. வரிசை, பிளாஸ்டிக் நாற்காலி, மறுபடி வரிசை. பூந்தமல்லியில் பஸ் மாறி, நெரிசலில் நின்றுகொண்டே போய், கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரியும் வரை காத்திருந்து, உள்ளே போனால் டாக்டர் பார்ப்பது கொஞ்ச நேரம்தான். அந்த டாக்டரம்மா என்னைவிடச் சின்ன வயது. பொறுமையானவர். என் மகளின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்தினார். எழுந்து போய் இன்னொரு டாக்டரை அழைத்து வந்தார். அவரும் பார்த்தார். இருவரும் இங்கிலீஷில் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

கண்ணுக்குள் பின்பக்கமாக வெள்ளையாக ஏதோ இருக்கிறது, கட்டியாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், ஸ்கேனும் ரத்தமும் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. கட்டி என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சில கட்டிகளுக்கு, பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகக் கண்ணையே எடுக்க வேண்டி வரலாம் என்றார். என் மகள் மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் கண் பொம்மையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் வரிசையாகக் கேள்வி கேட்டார். வீட்டில் நாய் இருக்கிறதா? தெருவில் குட்டி போட்டிருக்கிறதா? பிள்ளை மண் தின்பாளா? எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளையை என்ன நினைத்துக்கொண்டு கேட்கிறார் என்று கோபம் வந்தது. அதெல்லாம் பழக்கமில்லை மேடம், நாயைத் தொடவே விட மாட்டேன் என்று விறைப்பாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார்.

நாயைத் தொடவே விட மாட்டேன் என்றது பொய்யில்லை. எங்கள் தெருவில் எல்லாத் தாய்மாரும் அப்படித்தான். நாய் முடி வயிற்றுக்குள் போனால் ஆபத்து என்று சொல்லிச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள், நாங்களும் அப்படியே சொல்லி வளர்க்கிறோம். எங்கள் வீட்டு வாசலில் ஒரு லோடு மணல் கிடந்தது. மாடியில் இரண்டு ரூம் கட்டிக் காலேஜ் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று ஆரம்பித்து, கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டதால் நின்றுபோன மணல். தெருவில் ஒரு செவலை நாய் உண்டு. அது மணலை ஒட்டியே குட்டி போட்டது. என் வீட்டுக்காரர் டீக்கடையில் பொறை ரொட்டி வாங்கி வந்து அதற்குப் போடுவார். குட்டிகளைத் தூக்க ஓடும் மகளை நான் பிடித்து இழுத்து, நாய்கிட்டப் போகாதே, அந்த மணல்ல விளையாடு என்று விடுவேன். தெருப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் கோட்டை கட்டும், கிணறு தோண்டும். பின்னால் டாக்டரம்மா சொல்லக் கேட்டபோது எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முடியில் ஒன்றுமில்லையாம். எல்லாம் மண்ணில்தானாம்.

ரத்தத்தை வேறு எங்கோ அனுப்பித்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். காத்திருந்தோம். அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று இப்போது நினைத்தால், கழித்ததாகவே தோன்றவில்லை. வேலைக்குப் போனேன். வெளிச்சப் பலகையில் வளையங்கள் வந்துகொண்டே இருந்தன. நல்லதையும் கெட்டதையும் கலந்து போட்டு சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன். கெட்டதாக இருந்தால் எடுத்துத் தனித் தட்டில் போடு என்பதைத்தானே ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள் என்று நினைப்பு ஓடியது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் திருத்தணிக்கு மொட்டை வேண்டிக்கொண்டார். பிள்ளைக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டதாகச் சொன்னபோது, கண்ணும் போய் முடியும் போகணுமா என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார். கையில் ஸ்டியரிங் இருக்கும்வரை தைரியமாக இருப்பார். வீட்டுக்கு வந்தால் மகள் தூங்கும் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்.

முடிவு வந்த அன்றைக்கு அவரும் லீவு போட்டுவிட்டு வந்தார். கட்டியில்லை என்றார் டாக்டரம்மா. நாய்ப்புழு.

அவர் என்ன சொன்னாலும் கொஞ்ச நேரம் என் காதில் ஏறவில்லை. கண்ணை எடுக்க வேண்டாம் என்பது மட்டும்தான் ஏறியது. ஒரு புழுவுக்காக நான் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

மெதுவாகத்தான் புரிந்தது. நாய்க்குட்டிகளின் வயிற்றில் ஒரு உருண்டைப் புழு இருக்கும். தாய் வயிற்றில் இருக்கும்போதே வந்துவிடுமாம். அதன் முட்டைகள் கழிவோடு மண்ணில் விழும். கழிவு காய்ந்து, மழையில் கரைந்து, இருந்த இடமே தெரியாமல் போன பிறகும் முட்டை மண்ணில் கிடக்கும். அப்போதுதான் அது தொற்றும் பக்குவத்துக்கு வரும். பிள்ளை மண்ணில் கை வைத்து, அதே கையால் முறுக்கு தின்றால் போதும். மண்ணைத் தின்ன வேண்டியதில்லை. உள்ளே போய்ப் பொரிந்த குஞ்சுப் புழுவுக்கு மனித உடம்பு பிடிபடாது. நாய் என்று நினைத்து வந்துவிட்டு, வழி தெரியாமல் ரத்தத்தில் சுற்றும். ஈரலுக்குப் போகும், நுரையீரலுக்குப் போகும். எப்போதாவது ஒரு பிள்ளைக்குக் கண்ணுக்குப் போகும்.

நான் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்களே, ஒரு தடவைகூட விடாமல் சாப்பிட்டிருக்கிறாளே என்றேன். மாத்திரையைச் சப்பிச் சாப்பிடச் சொல்லி அதற்கும் ஒத்திகை வைத்த பள்ளிக்கூடம் அது. டாக்டரம்மா, அது குடலில் இருக்கும் புழுவுக்கானது என்றார். இது குடலில் தங்குவதில்லை, உடம்புக்குள் நுழைந்துவிடும். மலத்தைச் சோதித்தாலும் தெரியாது.

"மேடம், இவளுக்கு மட்டும்தான் இப்டியா, வேற பசங்களுக்கும் கீதா?"

"உங்க தெருப் பசங்க எல்லார்கிட்டயும் ரத்தம் எடுத்துப் பாத்தா, நெறைய பேருக்கு இது வந்து போன அடையாளம் இருக்கும்மா. யாரும் எடுத்துப் பாக்கறதில்ல. பாதிப் பேருக்கு மேல ஒண்ணுமே தெரியாது. சும்மா வயித்துவலி, இருமல்னு வந்து போயிடும்."

"அப்போ எம் பொண்ணுக்கு மட்டும் இன்னாத்துக்கு கண்ணுக்குப் போச்சு?"

"அதுக்கு என்கிட்ட பதில் இல்லம்மா."

அவர் மழுப்பாமல் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காததையும் அவரே சொன்னார். வீக்கத்தைத் தணிக்க மருந்து கொடுக்கலாம், மேலே கெடாமல் பார்த்துக்கொள்ளலாம். கண்ணின் நடுவில் தழும்பு விழுந்துவிட்டது. அந்த இடத்துப் பார்வை திரும்பாது. ஓரத்தில் தெரிவது தெரியும். எப்போது வந்திருக்கும் என்று கேட்டேன். பரிசோதனை நடந்தபோதே இருந்திருக்கலாம், அப்போதே கண்டுபிடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடித்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த உறுதியாகச் சொல்ல முடியாததை நான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன். எல் பி ஈ டி என்று மகள் ராகம் போட்டது காதில் அப்படியே இருக்கிறது.

வீட்டு வாசலுக்கு வந்ததும் வீட்டுக்காரர் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு செவலையைத் துரத்தினார். இத்தனை நாள் பொறை போட்ட கை. அது கொஞ்ச தூரம் ஓடிப் போய் நின்று, வாலை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்தது. அவர் கட்டையைப் போட்டுவிட்டு மணல்மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவசரமாக எழுந்து உடம்பைத் தட்டிக்கொண்டார்.

நகராட்சிக்கு ஃபோன் செய்தார். பிடித்துப் போய் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம், அதுதான் சட்டம் என்றார்கள். பூந்தமல்லியில் மாட்டு டாக்டரிடம் விசாரித்து நாய்க்கும் குட்டிகளுக்கும் பூச்சி மருந்து வாங்கி வந்தார். பொறைக்குள் வைத்துக் கொடுத்தால் செவலை பொறையைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பியது. பாலில் கரைத்துக் கொடுத்தார். நாய்க்குப் பூச்சி மாத்திரையா நைனா, மனுசனுக்கே கெடைக்கல என்று எதிர்வீட்டுக்காரர் கேலி செய்தார். மணலை அள்ளிப்போட ஆள் தேடினோம். அள்ளி எங்கே போடுவது? இன்னொரு தெருவில் இன்னொரு பிள்ளை விளையாடும். கடைசியில் தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் கல் வைத்தோம். வெயில் தாழ்ந்ததும் செவலை அந்தத் தார்ப்பாய்மேல் ஏறிக் குட்டிகளோடு படுத்துக்கொண்டது. எங்கள் தெருவில் மட்டும் அன்றைக்கு நாலு வீட்டு வாசலில் மணல் கிடந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் நீளம் தாண்டும் குழியில் இருப்பதும் மணல்தான். எதையென்று மூடுவது.

நான் மகளைக் கை கழுவச் சொல்ல ஆரம்பித்தேன். வெளியே போய் வந்தால், சாப்பிடும் முன், விளையாடிவிட்டு வந்தால். சோப்பு கரைந்துகொண்டே போனது. அவள் விரல் நுனிகள் வெளுத்துப் போயின. நகத்தை ஒட்ட வெட்டி ரத்தமே வந்துவிட்டது ஒரு நாள். போன கண் போய்விட்டது, இனி யாருக்காக இவ்வளவு என்று வீட்டுக்காரர் கேட்டார். இன்னொரு கண் இருக்கிறதே என்றேன்.

வகுப்பு மிஸ்ஸைப் பார்க்கப் போனபோது சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். மனதுக்குள் வசனமெல்லாம் தயார். அவர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வகுப்புக்குக் கணக்கு, ஒரு வகுப்புக்குத் தமிழ், நடுவில் ஒரு பிள்ளைக்கு வாந்தி. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, முழுதும் கேட்டார். கண் கலங்கினார். அதற்கு முந்தின வருஷம் ஒத்திகை வைக்காமல் விட்டதில், இங்கிலீஷ் எழுத்து தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் கண் குறை என்று எழுதிவிட்டார்களாம். பெற்றவர்கள் வேலையைக் கெடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்து, கண்ணில் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்து, இவரிடம்தான் சத்தம் போட்டார்களாம். எழுத்தைப் பழக்கியது அதற்காகத்தான் என்றார். நியாயம்தான். நான் கொண்டுபோன வசனத்தை எல்லாம் அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். கோபப்படவும் ஒரு ஆள் வேண்டுமே. நாய்மேல் கோபப்பட்டால் அது வாலை ஆட்டுகிறது. மிஸ்மேல் கோபப்பட்டால் அவர் அழுகிறார்.

நான் கிளம்பும்போது மிஸ், அடுத்த தடவை உங்கள் மகளுக்குத் தெரியவில்லை என்பதைத் தெரியவில்லை என்றே எழுதச் சொல்கிறேன் என்றார். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் சொல்லலாமே என்று நானே கேட்டு, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எழுதினேன். டாக்டர் சொன்னது போலவே எழுதினேன். நிறையப் பிள்ளைகளுக்கு வரக்கூடியது, பயப்பட வேண்டாம், மண்ணில் விளையாடினால் கை கழுவ வையுங்கள், ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. இரண்டு நாள் குழு பற்றி எரிந்தது. வேப்பிலைச் சாறு கொடுக்கச் சொல்லி ஒருவர், பாகற்காய் கொடுக்கச் சொல்லி ஒருவர், நாய்களை ஊரை விட்டுக் கடத்தச் சொல்லி ஒருவர். ஃபிளாட்டில் இருக்கும் ஒரு அம்மா, எங்கள் கேம்பஸில் நாயே கிடையாது, கிராமத்துப் பக்கம்தான் இது வரும் என்று எழுதினார். அவர் மகனும் என் மகளும் ஒரே மைதானத்தில்தான் விளையாடுகிறார்கள். மூன்றாம் நாள் காலை வணக்கப் படங்கள் வர ஆரம்பித்தன.

ஒட்டாது என்று எழுதியதை யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது. மகளுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண்ணை அவள் அம்மா இடம் மாற்றச் சொன்னார். இடைவேளையில் இவள் வந்தால் விலகினார்கள். புழுக்கண்ணு என்று ஒருவன் ஆரம்பித்து வைத்தான். அவள் என்னிடம் சொல்லவில்லை. சாயந்திரத்தில் வெளியே போகாமல் டிவி முன்னால் உட்கார்ந்தாள். மண்ணில் விளையாடாமல் இருக்கிறாளே என்று நான் நிம்மதிப்பட்டுக்கொண்டிருந்தேன். வேறு ஒரு பிள்ளை வழியாகத்தான் விஷயம் என் காதுக்கு வந்தது. அன்றைக்கு அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படி அழவில்லை. எழுதாமல் இருந்திருந்தால் அவள் எல்லோரையும் போல ஓடிக்கொண்டிருந்திருப்பாள் என்ற நினைப்புதான் தாங்க முடியவில்லை.

காலம் போகப் போகப் பிள்ளைகள் மறந்தார்கள். கேலிக்குப் புதிதாக வேறு ஒருவன் கிடைத்தான். முன்பல் விழுந்தவன். பக்கத்தில் உட்காரும் பெண் திரும்பி வந்தாள். என் மகள் மறுபடியும் வெளியே போனாள், ஓடினாள், விழுந்தாள். படியிறங்கும்போது இடது பக்கச் சுவரைக் கையால் தடவிக்கொண்டு இறங்குவாள். பந்து வீசினால் பிடிக்கத் தவறுவாள். மற்றபடி பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் சொன்ன தவணையில் போய்க்கொண்டிருந்தோம். அதே பஸ், அதே நாற்காலி. கெடவில்லை என்று டாக்டரம்மா சொல்வார். நல்ல சேதி என்று நாங்களும் எழுந்து வருவோம்.

அவள் நாலாம் வகுப்பில் இருக்கும்போது கண் பரிசோதனைக்காரர்கள் மறுபடியும் வந்தார்கள். எனக்கு முன்கூட்டித் தெரியாது. வேலை முடிந்து வந்து டீ போட்டுக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள், இன்றைக்குக் கண் பார்த்தார்கள் என்று. பழைய மிஸ் ஏதோ பயிற்சிக்குப் போயிருந்தாராம். ஐந்தாம் வகுப்பு மிஸ்தான் வரிசையில் நிறுத்தினாராம். இந்தத் தடவை ஒத்திகை இல்லையாம்.

இடது கண்ணையும் பார்த்தார்களா என்று கேட்டேன்.

பார்த்தார்கள் என்றாள். பிறகு வலது உள்ளங்கையால் வலது கண்ணை மூடிக்கொண்டு, என் முகம் இருக்கும் பக்கம் பார்த்து, ராகம் இல்லாமல், நிறுத்தி நிறுத்தி, நிஜமாகப் படிப்பவள் மாதிரி சொன்னாள். எல். பி. ஈ. டி. நடுவில் ஒரு இடத்தில் தடுமாறுவது போலக்கூட நடித்தாள்.

அடுப்பை அணைத்துவிட்டு, அப்படி ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

"தெர்லன்னா தனியா ஒக்கார வெக்கறாங்கம்மா. எல்லாரும் பாப்பாங்க. அப்புறம் மறுபடியும் புழுக்கண்ணும்பாங்க."

என்னால் திட்ட முடியவில்லை. அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு டிவி பார்க்கப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட வேண்டும், இதை இப்படியே விடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். இவளைப் போல இன்னும் எத்தனை பிள்ளைகள் மனப்பாடம் செய்து தப்பித்து, தெரியாத கண்ணோடு தெருவில் ஓடிக்கொண்டிருக்கும்? யாராவது ஒருவர் இப்படி ஒரு கண்ணையாவது குறை என்று எழுதி வைத்தால்தானே அடுத்த பிள்ளையைத் தேடுவார்கள்.

மறுநாள் காலை அவளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட கேட் அருகே போனேன். ஐந்தாம் வகுப்பு மிஸ் அங்கே நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். இந்த வருஷம் புதிதாக வந்தவர், அவருக்கு எங்கள் கதை தெரியாது. முகமெல்லாம் சிரிப்பு. நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"நல்ல சேதிம்மா. இந்த வருஷம் நம்ம ஸ்கூல்ல ஒரு பிள்ளைக்கும் கண்ணுல குறை இல்லன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

என் கைக்குள் இருந்த மகளின் விரல்கள் இறுகின. கழுவிக் கழுவி வெளுத்த விரல்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. தெரியாத பக்கமாக நின்ற என் முகத்தைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் முழுதாகத் திரும்ப வேண்டும். அவள் திரும்பவில்லை, கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

"சரிங்க டீச்சர்" என்றேன்.